ஸ்ரீவைகுண்டத்துப் பெட்டியில் கடல் உப்பு

"அக்கா, கப்பல்ல வந்த சரக்கு எதனால கெட்டுச்சுன்னு பாத்த உடனே சொல்லிருவியளாமே. இந்தக் கம்ப்யூட்டர் எதனால கெட்டுச்சுன்னு சொல்லணும். பன்னிரண்டு மணிக்குள்ள சொல்லணும்."

காலை ஒன்பதரை மணிக்கு, இடுப்பில் பிள்ளையை வைத்திருப்பது போல ஒரு கறுப்புப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறி வந்த பெண், மூச்சு வாங்கக் கேட்ட கேள்வி இது.

எங்கள் அலுவலகம் தூத்துக்குடி பழைய துறைமுகத்துக்குப் போகிற சாலையில், ஒரு கயிற்றுக்கடையின் மாடியில் இருக்கிறது. 'பிளாரன்ஸ் – சரக்குச் சேத ஆய்வு, துப்பறிதல்' என்று பலகை தொங்கும். பிளாரன்ஸ் அக்கா இருபது வருடம் துறைமுகத்தில் சேதம் பார்த்தவள். முந்திரி எங்கே நனைந்தது, இரும்பு எந்தத் தண்ணீரில் துருவேறியது, பொய் எந்த வாயிலிருந்து கிளம்பியது என்று முகர்ந்தே சொல்லிவிடுவாள். நான் டிக்சன், அவளுடைய உதவியாளன். அக்கா முகர்வதற்கு முன்னால் முகர்வது என் வேலை. எட்டு வருடமாகப் புழுத்த கோதுமையும் பூசணம் பிடித்த பருப்பும் முகர்ந்ததில் எனக்கு உலகத்தின் மேல் பெரிய மரியாதை ஒன்றும் மிச்சமில்லை.

"பேரு?" என்றாள் அக்கா.

"வேல்விழி. ஸ்ரீவைகுண்டம். காலேஜ் மூணாவது வருஷம்."

"பன்னிரண்டு மணிக்கு என்ன?"

"எங்கப்பா வாராவ."

அவள் நின்றபடியே சொல்லி முடித்தாள். விளையாட்டுக்கென்று ஆறு வருடத்துக்கு முன் சேர்த்த கம்ப்யூட்டர். இப்போது ஆட்டத்தின் நடுவில் சூடேறி நின்றுவிடுகிறது. இதையே அப்கிரேடு பண்ணலாமா, இல்லை புதிதாகவே அசெம்பிள் பண்ணலாமா என்று கேட்கத் திங்கட்கிழமை தூத்துக்குடிக்குக் கொண்டு வந்திருக்கிறாள். கடையில் பொத்தானை அழுத்தினால் உயிரே இல்லை. கடைக்காரன் திறந்து பார்த்துவிட்டு, போர்டு அழுகிவிட்டது, அப்கிரேடு பேச்சுக்கே இடமில்லை, புதிது கட்டு என்று சொல்லிவிட்டான்.

"நான் ராப்பகலா விளையாடி எரிச்சிட்டேன்னு அப்பா காதுக்குப் போயிட்டு. இப்பம் பழசும் வேண்டாம், புதுசும் வேண்டாம், மானிட்டரையும் வித்துப்போட்டு வீட்டுல கெடன்னு சொல்லுதாவ. கடைக்கு நேர்ல வந்து அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வாராவ."

"சரி, கொஞ்ச நாள் விளையாடாம இரேன்," என்றேன்.

"சனிக்கிழமை நாலு மணிக்கு செலக்‌ஷன் அண்ணே. சென்னையில ஒரு டீமு. தங்க இடம் குடுத்து, சம்பளம் குடுத்து விளையாட வைப்பாவ. தெக்கு மாவட்டத்துக்கு ஒரே ஒரு இடம். வீட்டுல இருந்தே ஆன்லைன்ல ஆடிக் காட்டணும். இன்னைக்கே வியாழன்."

"விளையாடச் சம்பளமா! சும்மா இருக்கதுக்கு ஏதும் டீம் இருக்கா?"

"நீ ஏற்கெனவே அதுலதாம்லே இருக்க," என்றாள் அக்கா. "ஸ்க்ரூ டிரைவரை எடு."

பக்கத் தகட்டைக் கழற்றியதும் மூக்கைப் பொத்திக்கொண்டேன். போர்டு முழுக்கப் பச்சை பூத்திருந்தது. கிராபிக்ஸ் கார்டின் இரும்புப் பட்டை செதில் செதிலாக உரிந்து கிடந்தது. கார்டுக்கு அடியில் ஒரு கரப்பான் ஒட்டிச் செத்துப்போய், மீசை மட்டும் வெளியே நீண்டிருந்தது. இதற்கு முன்னால் உட்கார்ந்து மனிதர்கள் முறுக்கு வேறு தின்பார்கள்.

"ஏளா, கடைசியா எப்பம் திறந்து பாத்த?"

"பொங்கலுக்கு அக்கா. அப்பம் வெறும் தூசிதான் இருந்துச்சு. இது எப்படி இப்படி ஆச்சுன்னே தெரியலை."

அக்காவின் மேசை இழுப்பறையில் ஒரு சின்னக் குப்பி எப்போதும் இருக்கும். துறைமுகத்தில் சேதம் பார்க்கிறவர்கள் எல்லாரும் வைத்திருப்பதுதான். துருவின் மேல் இரண்டு சொட்டு விட்டால், கடல் உப்பு இருந்தால் பாலாக வெளுக்கும். நல்ல தண்ணீர்த் துரு என்றால் அப்படியே கிடக்கும். அக்கா இரண்டு சொட்டு விட்டாள். துரு குபீரென்று வெளுத்தது.

நான் வேல்விழியைப் பார்த்தேன். "ஸ்ரீவைகுண்டம் அணையில எப்பம் கப்பல் விட்டாவ?"

"கடலுக்கும் எங்க ஊருக்கும் இருபது கிலோமீட்டருக்கு மேல இருக்கும் அண்ணே."

அக்கா பெட்டியின் முன்பக்க வலையில் விரலைத் தேய்த்தாள். வெளிறிய பழுப்பில் மெல்லிய தூசி ஒட்டிக்கொண்டது. "இது என்னது?"

"நெல்லுத் தூசி. களத்துல தூத்தும்போது மாடி வரைக்கும் வரும்."

அதன் மேலும் இரண்டு சொட்டு விட்டாள். ஒன்றுமே ஆகவில்லை.

"வெளிய வயலு, உள்ள கடலு," என்றாள் அக்கா. "கூடு உன்னுது. குடலு உன்னுது இல்ல. எவனோ உன் போர்டையும் கார்டையும் உருவிட்டு, கடக்கரையில கெடந்து அழுகினதை உள்ள வச்சிருக்கான்."

வேல்விழி பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். "என் கேமெல்லாம் அப்படியே இருக்குன்னு கடைக்கார அண்ணாச்சி சொன்னாவளே அக்கா."

"அது இருக்கது ஹார்டு டிஸ்க்குல. அதைத் தொடாம விட்டிருக்கான். தொட்டிருந்தா உனக்குச் சந்தேகம் வந்திருக்கும்லா."

"பில்லு இருந்தா எடு," என்றேன். "போர்டு நம்பரைப் பாத்தா தீந்துச்சு சோலி."

"பில்லுல எழுத்தெல்லாம் மங்கி வெறும் வெள்ளைத்தாளாப் போச்சு. நம்பர் போட்ட டப்பாவுல அப்பா கத்திரி விதை போட்டு வச்சாவ. எலி கடிச்சிட்டு."

"திங்கக்கிழமை வீட்டுல இருந்து பெட்டி எங்கெங்க போச்சு?" என்று கேட்டாள் அக்கா.

"நேரா கடைக்குத்தான் அக்கா. அங்கன இருந்து இன்னைக்குக் காலையிலதான் எடுத்தேன்."

எனக்கு அதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை. மூன்று நாள் கடையில் இருந்திருக்கிறது. புதிது கட்டு என்று சொன்னவன்தான் பழையதைத் தின்றிருக்கிறான். ஆட்டோ கூப்பிடக் கீழே இறங்கினேன்.

*

ஆன்றோவின் கம்ப்யூட்டர் கடையை நான் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே மூக்கால் கண்டுபிடித்துவிட்டேன். கருகிய வயர், பழைய சால்னா, ஈரச்சாக்கு. கவுண்டரில் விரல் வைத்தால் பிரிக்க வேண்டியிருந்தது. ஐம்பது வயது ஆன்றோ, பனியனோடு உட்கார்ந்து, திறந்து போட்ட லேப்டாப் ஒன்றின் மேலேயே இலையை விரித்துப் பரோட்டா தின்றுகொண்டிருந்தார்.

"உள்ள உள்ளதை எங்க வச்சிருக்கிய?" என்றாள் அக்கா, வணக்கம்கூடச் சொல்லாமல்.

"எந்த உள்ளதை?"

"இந்தப் பிள்ளைக்க போர்டு, கார்டு. நல்லதை உருவிட்டு நாத்தம் பிடிச்சதைச் சொருகியிருக்கு."

ஆன்றோ பரோட்டாவை மென்று விழுங்கினார். பிறகு கையைப் பனியனில் துடைத்தார். நான் ஓரடி தள்ளி நின்றுகொண்டேன்.

"என் மூஞ்சி கள்ளன் மூஞ்சிதான்," என்றார். "பெத்த தாயே சொல்லிருக்கா. அதனாலதான் கடைக்கு வாற ஒவ்வொரு பெட்டியையும் ஆளை முன்னால நிறுத்தி, திறக்கும்போதே வீடியோ எடுத்து வைக்கேன். பாத்துக்கிடுங்க."

எண்ணெய்ப் பிசுக்கோடு செல்போனை நீட்டினார். திங்கட்கிழமை, மதியம் பன்னிரண்டு இருபது. வேல்விழியின் பெட்டி. தகடு கழல்கிறது. அதே பச்சை, அதே செதில், அதே கரப்பான் மீசை.

ஆக, கடைக்கு வரும்போதே அது அழுகித்தான் வந்திருக்கிறது. என் துப்பு பரோட்டா வாசனையில் காற்றோடு போனது.

வீடியோவில் ஆன்றோவின் குரல் கேட்டது. "கனெக்டர்ல எவம்லே கிரீஸ் தடவி வச்சிருக்கான்? கம்ப்யூட்டரா, கட்டைவண்டியா?"

உடனே, காட்சிக்கு வெளியிலிருந்து இன்னொரு குரல், தேன் தடவியது. "அண்ணாச்சி, தங்கச்சி ராத்திரி பகலா ஓட்டி எரிச்சிட்டா. அவளைத் திட்டாதீங்க. புதுசே போட்டுக் குடுங்க. இந்தப் பழைய பெட்டியை நானே எடுத்துட்டுப் போய்ப் போட்டுடறேன்."

அக்கா வீடியோவை நிறுத்தினாள். "இது யாரு?"

"ரெக்சன் அண்ணன். எங்க டீம் கேப்டன். திரேஸ்புரம்."

"நேரா கடைக்குன்னு சொன்னியே."

"நேராத்தான் அக்கா வந்தேன். ஒம்பது மணிக்கு பஸ் ஸ்டாண்டுல இறங்கினேன். அண்ணன் பைக்கோட நின்னாவ. வெயில்ல அலையாத, வீட்டுல சாப்பிட்டுட்டுப் போலாம்னாவ."

"எம்புட்டு நேரம் அங்கன இருந்த?"

"ரெண்டரை, மூணு மணி நேரம் இருக்கும். அவங்க அம்மா மீன் குழம்பு வச்சாவ. நான் அடுப்படியில பேசிட்டு இருந்தேன். அண்ணன் ரூம்ல பெட்டியைத் தூசி தட்டிட்டு இருந்தாவ." சொல்லும்போதே அவள் குரல் தேய்ந்தது. "அது வீடுதானே அக்கா. அதையெல்லாம் வேற இடம்னு நான் நினைக்கலை."

ஆன்றோ என்னைப் பார்த்தார். நான் ஆன்றோவைப் பார்த்தேன். பரோட்டா தின்ற கை இப்போது எனக்கு அவ்வளவு அருவருப்பாகத் தெரியவில்லை.

"அண்ணன் அப்படிச் செய்ய மாட்டாவ அக்கா," என்றாள் வேல்விழி அவசரமாக. "ஆறு வருஷத்துக்கு முன்னால என்ன என்ன வாங்கணும்னு லிஸ்ட் போட்டுக் குடுத்ததே அண்ணன்தான். ரெண்டு பேரும் ஒரே நாள்ல, ஒரே மாதிரி எல்லாம் வாங்கினோம்."

"ஒரே மாதிரியா?" என்றாள் அக்கா. "அவனுக்கு வேலை சுளுவாப் போயிருக்கும். சனிக்கிழமை செலக்‌ஷன்ல அவனும் உண்டா?"

வேல்விழி தலையை மட்டும் ஆட்டினாள்.

"அந்தப் பெட்டியை நான் அவன்ட்ட குடுக்கலை பாத்துக்கிடுங்க," என்றார் ஆன்றோ. "பெட்டிக்காரி இவ. இவ கேக்காம எப்படிக் குடுக்க? அதுக்குப் பொறவும் ரெண்டு தடவ ஃபோன் போட்டுட்டான். ஏ பிள்ள, உன் பழைய போர்டு கெடச்சுதுன்னா புதுசெல்லாம் வேண்டாம் கேட்டியா. நல்லா சுத்தம் பண்ணி, புது பேஸ்ட் வச்சு, ராம் ஒண்ணு கூடப் போட்டா இன்னும் மூணு வருஷம் ஓடும்."

வாசலில் நிழல் விழுந்தது. பன்னிரண்டு அடிக்க இன்னும் பத்து நிமிடம் இருந்தது. வேல்விழியின் அப்பா இசக்கியப்பன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கடைக்குள் வந்தார். வயலில் வெந்த முகம். மகளை அவர் பார்க்கவே இல்லை.

"புதுசும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்," என்றார் ஆன்றோவிடம். "சாமானை எரிக்கதுக்குன்னே ஒருத்தி இருக்கும்போது நான் எத்தனைதான் வாங்கிக் குடுக்க?"

"அப்பா, நான் எரிக்கலைப்பா."

"வாயைப் பேசாத. அந்த ரெக்சன் பையன் ஃபோன்ல அம்புட்டுப் பக்குவமா எடுத்துச் சொன்னான். திட்டாதீங்கப்பான்னு உனக்காகக் கெஞ்சினான். உனக்குத்தான் புத்தி இல்ல."

வேல்விழியின் கண் நிறைந்தது. அழவில்லை. எனக்குத்தான் கோபத்தில் காது சுட்டது.

அக்கா முன்னால் வந்து நின்றாள். "அண்ணாச்சி, நான் பிளாரன்ஸ். சேதம் பாக்குதவ. அந்தப் பக்குவமான பையனை நானும் பாக்கணும். அரை மணி நேரம் எங்கூட வாங்க. அதுக்குப் பொறவு நீங்க என்ன முடிவு சொன்னாலும் சரி."

*

திரேஸ்புரத்தில் கடல் காற்று ஒன்றையும் விட்டு வைப்பதில்லை. ரெக்சன் வீட்டுக் கேட்டைத் தொட்டதும் துரு உள்ளங்கையில் ஒட்டியது. ஜன்னல் கம்பி, பைக்கின் மட்கார்டு, முற்றத்துக் குழாய் என்று எல்லாம் ஒரே நிறம். முற்றத்தில் ஒரு படகு இன்ஜினைத் தகர டிரம்மின் மேல் நிறுத்தியிருந்தார்கள். அதன் பாட்டரி முனையில் மஞ்சள் கிரீஸ் திட்டுத் திட்டாக அப்பியிருந்தது. உப்பு ஏறாமல் இருக்க எங்கள் கடற்கரையில் எல்லா வீட்டிலும் செய்கிற வேலை. அக்கா அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உள்ளே நடந்தாள்.

"வா தங்கச்சி! அப்பா, வாங்கப்பா! உட்காருங்கப்பா!"

ரெக்சனுக்கு இருபத்து மூன்று வயது இருக்கும். சந்தனப் பவுடர் முகம், கழுத்தில் ஹெட்போன். எங்கள் ஊர்ப் பேச்சை எங்கேயோ கழற்றிப் போட்டுவிட்டு யூடியூப்காரர்கள் பேச்சுப் பேசினான். எழுந்து நின்று நாற்காலி போட்டான், விசிறி வைத்தான், மோர் கொண்டு வரச் சொல்லி அடுக்களைக்குக் குரல் கொடுத்தான். மூச்சுக்கு மூன்று அப்பா. இசக்கியப்பனின் முகம் கொஞ்சம் இளகியதைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அக்காவும் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்தால் யாருக்கோ நேரம் சரியில்லை.

"தம்பி, நாங்க ஒரு யோசனை கேக்க வந்தோம். புதுசு கட்டவா, பழசையே பாக்கவான்னு இவங்களுக்கு ஒரே குழப்பம். நீ எப்படி வச்சிருக்க? புதுசு போட்டியா?"

"நானா? ஒரு ஸ்க்ரூ மாத்தலை அக்கா. ஆறு வருஷமா இதே பெட்டி, இதே போர்டு, இதே கார்டு. எல்லாம் நாம வச்சுக்கறதுலதான் இருக்கு." இசக்கியப்பன் பக்கம் திரும்பினான். "பராமரிப்புப்பா. தங்கச்சிக்கு அதுதான் பத்தலை. சின்னப் பொண்ணு, என்ன செய்யறது?"

"உள்ள பாக்கலாமா? கத்துக்கிடுதோம்."

அவனே பக்கக் கண்ணாடியைக் கழற்றினான், அவ்வளவு பெருமை. பெட்டியின் சட்டம் துருவேறிப் பொரிந்திருந்தது. ஆணித்தலைகள் எல்லாம் கறுத்துப் போயிருந்தன. ஆனால் உள்ளே போர்டில் ஒரு பச்சைப் புள்ளி இல்லை. கார்டின் பட்டை நேற்று வாங்கிய எவர்சில்வர் மாதிரி மின்னியது.

"அதிசயமா இருக்கே," என்றாள் அக்கா. "உங்க வீட்டுல வாசல் கேட்டு வரைக்கும் உப்பு தின்னிருக்கு. ஆறு வருஷமா இதை மட்டும் ஏன் தின்னலை?"

ரெக்சன் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. திறமையான பொய்யன் எப்போதும் கையருகில் இருக்கிற உண்மையைத்தான் எடுப்பான்.

"கிரீஸ் அக்கா! அப்பா படகு பாட்டரிக்குத் தடவுவாரு. அதையே நான் கனெக்டருக்கெல்லாம் தடவிடுவேன். கம்ப்யூட்டருக்குக் கிரீஸ் தடவுற ஐடியா இந்த ஊர்லயே எனக்கு மட்டும்தான் வந்தது."

"உனக்கு மட்டும்தானா?"

"எனக்கு மட்டும்தான்."

அக்கா வெள்ளைக் கைக்குட்டையை எடுத்தாள். கனெக்டர் ஒவ்வொன்றாகத் துடைத்தாள். கைக்குட்டையை அவன் முகத்துக்கு நேராக விரித்தாள். வெள்ளையாகவே இருந்தது.

"இதுல கிரீஸ் எங்க தம்பி?"

"அது... துடைச்சிருப்பேன்."

"நீ தடவின கிரீஸ் பூராவும் அந்தப் பிள்ளைக்க பெட்டிக்குள்ள இருக்கு. இந்த ஊருல உனக்கு மட்டும் வந்த ஐடியா அவ பெட்டிக்குள்ள எப்படிப் போச்சு?"

ரெக்சன் சிரிக்கப் பார்த்தான். பவுடருக்கு அடியில் வேர்த்தது. "தூசி தட்டும்போது தங்கச்சிக்கும் கொஞ்சம் தடவி விட்டேன் அக்கா. நல்லதுதானே."

"துருவுக்கு அடியிலயா தடவின?" என்றேன். "பெட்டிக்காரிக்கு மீன் குழம்பு, பெட்டிக்குக் கிரீஸு. நல்ல விருந்தோம்பல்!"

நான் பேசி முடிப்பதற்குள் இசக்கியப்பன் எழுந்து வந்திருந்தார். அவருக்குக் கிரீஸும் கனெக்டரும் புரிந்ததா என்று தெரியாது. ஆனால் அவர் கண் கார்டின் சின்ன விசிறியில் நின்றுவிட்டது. குனிந்து, தடித்த விரல் நகத்தால் இறக்கைக்கு இடையிலிருந்து எதையோ நெம்பி எடுத்தார். காய்ந்து போன ஒரு சின்னப் பூச்சி. உள்ளங்கையில் வைத்து வெளிச்சத்தில் பார்த்தார். இரண்டு விரலால் நசுக்கினார். பழுப்புத் தூளாக உதிர்ந்தது.

"அந்துப் பூச்சி," என்றார்.

அடுக்களையில் மோர் கடையும் சத்தம் நின்றுவிட்டது.

"நெல்லு கெடக்குத வீட்டுலதான் இது பறக்கும். ஏலே, உங்க வீட்டுல எத்தனை கோட்டை நெல்லு அளந்து போட்டிருக்கு?"

ரெக்சன் வேல்விழியைப் பார்த்தான். அவள்தான் காப்பாற்ற வேண்டும் என்பது போல, அந்த நேரத்திலும் அவளையே பார்த்தான். அவள் அவனை விட்டுவிட்டு அவன் பெட்டிக்குள் இருந்த தன் போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உப்பு தின்ற பெட்டியும் கிரீஸும் அவனுக்குப் பழக்கம். துருப்பிடித்த ஒன்றைப் பார்த்து ஒருவர் ஆச்சரியப்படுவார் என்று அவனுக்குத் தோன்றவே இல்லை. ஆற்றங்கரையில் கம்ப்யூட்டர் வேறு மாதிரிக் கிழடாகும் என்று கடற்கரைக்காரனுக்கு யார் சொல்வது?

"என்னுது போன மாசமே செத்துப் போச்சு," என்றான் கடைசியில். யூடியூப் பேச்சு உதிர்ந்து ஊர்ப் பேச்சு வந்துவிட்டது. "சனிக்கிழமைக்குள்ள வேற வாங்க வழியில்ல."

"எங்கிட்ட கேட்டிருக்கலாம்லா," என்றாள் வேல்விழி. "ஒரு நாளு உங்க வீட்டுல வச்சே ரெண்டு பேரும் மாத்தி மாத்தி ஆடிருக்கலாம். நான் குடுத்திருப்பேன் அண்ணே."

அவள் இன்னும் அண்ணே என்றதுதான் எனக்குத் தாங்கவில்லை. அழுகிய சரக்கு எவ்வளவோ பார்த்தாயிற்று. கோதுமையைப் புழு தின்பதற்கு ஒரு நியாயம் உண்டு, அதற்குப் பசி. சோறு போட்டுக்கொண்டே குடலை உருவுகிறவனை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

"நான் என்ன பெரிய தப்புப் பண்ணிட்டேன்?" என்றான் ரெக்சன். குரல் இப்போது ஏறியது. "அவ செலக்ட் ஆனாலும் போகப் போறதில்ல. நீங்கதான ஃபோன்ல சொன்னிய, பொட்டப்பிள்ளையைச் சென்னைக்கு அனுப்புத எண்ணமே இல்ல, சும்மா ஆசைக்கு ஆடுதான்னு. அப்பம் அந்த இடம் வீணாத்தானப்பா போகும்? போகாத ஒருத்திக்கு எதுக்கு அந்தக் கார்டு?"

வேல்விழி சட்டென்று அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். இது அவளுக்குப் புதிய செய்தி. திருடு போனதைக் கேட்டபோதுகூட அவள் முகம் இப்படி விழவில்லை.

இசக்கியப்பன் கையில் ஒட்டியிருந்த பூச்சித்தூளைத் தட்டினார். நேரமெடுத்துத் தட்டினார்.

"சொன்னேன்," என்றார். "என் வாயாலதான் சொன்னேன்."

"அதான்ப்பா நானும்..."

"என்னை அப்பான்னு கூப்பிடாத."

அவர் கத்தவில்லை. ரெக்சன் இரண்டடி பின்னால் போய்ச் சுவரில் இடித்துக்கொண்டான்.

இசக்கியப்பன் தோளில் கிடந்த துண்டை உதறி மேசையின் மேல் விரித்தார். "ஏளா, உன்னுது எதெதுன்னு எடுத்து இதுல வை."

வேல்விழி ஸ்க்ரூ டிரைவரை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். அவள் கை பழகிய கை. கார்டு, விசிறி, போர்டு என்று ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்தாள். அரை மணி நேரம் அந்த அறையில் ஆணி கழலும் சத்தம் மட்டும்தான் கேட்டது. ரெக்சனின் அம்மா வாசலில் வந்து நின்று, மோர்ச் செம்பைக் கையிலேயே வைத்துக்கொண்டு, மகனைப் பார்த்து நின்றாள். உள்ளே வரவில்லை.

கடைசி ஆணி கழலும்போது ரெக்சன் மெதுவாகச் சொன்னான். "தங்கச்சி, கார்டை மட்டும் விட்டுட்டுப் போறியா? சனிக்கிழமை எனக்கும் மேட்ச் இருக்குல்லா. ஞாயித்துக்கிழமை நானே கொண்டாந்து தந்துருதேன்."

உலகத்தில் இன்னும் கீழே ஒரு படி இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. வாயில் ஊறிய எச்சிலைத் துப்ப இடம் தேடி நான் முற்றத்துக்கு வந்துவிட்டேன்.

வெளியே அக்கா தன் ஆய்வுத்தாளை எடுத்து இன்ஜின் டிரம்மின் மேல் வைத்து எழுதிக்கொண்டிருந்தாள். சேதத்துக்குக் காரணம் என்ற இடத்தில் பேனா நின்றது.

"அண்ணன்னு எழுதுங்க," என்றேன்.

"எழுதத்தாம்லே போறேன். பேரோட எழுதி அந்தச் சென்னை டீமுக்கும் ஒண்ணு அனுப்பப் போறேன்."

இசக்கியப்பன் துண்டை முடிச்சுப் போட்டு நெஞ்சோடு அணைத்தபடி ஆட்டோவில் ஏறினார். மகளை ஒட்டி உட்கார்ந்தார். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை என்று பார்த்தாலே தெரிந்தது. ஆட்டோ பாலத்தைத் தாண்டியது. நான் டிரைவர் பக்கத்தில் தொற்றிக்கொண்டு, கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சனிக்கிழமைக்குள்ள இதைப் பூட்டிருவியா?"

"இன்னைக்கு சாயங்காலமே பூட்டிருவேன்ப்பா."

"நம்ம ஊர் வழியாச் சென்னைக்கு ஒரு வண்டி போகும்லா. எத்தனை மணிக்கு நிக்கும்?"

வேல்விழி ஒரு நொடிகூட யோசிக்காமல் சொன்னாள். ஸ்ரீவைகுண்டத்தில் நிற்கிற நேரம், புறப்படுகிற நேரம், மறுநாள் காலை எழும்பூரில் போய்ச் சேருகிற நேரம், எந்தப் பெட்டி எங்கே வந்து நிற்கும் என்பது வரைக்கும் சொன்னாள். சொல்லிக்கொண்டே வந்தவள், இவ்வளவும் தனக்கு ஏன் தெரிந்திருக்கிறது என்று அப்பாவுக்குப் புரிந்துவிட்டதை உணர்ந்ததும் பாதியில் நிறுத்தினாள்.

இசக்கியப்பன் மடியில் இருந்த முடிச்சை இன்னும் கொஞ்சம் இறுக்கிக்கொண்டார்.

"நீ தேறிட்டன்னா, ரெண்டு டிக்கெட்டாப் போடு," என்றார். "முதத் தடவ நானும் வாரேன்."